செவ்வாய்க்கிழமை எடுக்கறதா இருந்த தாடை

இரும்புலியூர்ல ஜிஎஸ்டி ரோட்டுலேர்ந்து உள்ள திரும்பற முனையில, நீலத் தார்ப்பாய் கட்டி மீன் விக்கறவ ஷர்மிளா. வயசு இருபத்தேழு. ரோட்டை அகலப்படுத்தறோம்னு ஒரு நாள் ஜேசிபியைக் கொண்டாந்து நிறுத்தினாங்க. மத்த பொம்பளைங்க கூடையைத் தூக்கிக்கினு ஓடினாங்க. இவ ஓடலை. ஐஸ் பெட்டி மேல உக்காந்து கத்தியைக் கழுவிக்கினே, "மீனு வித்து முடியட்டும் சார், அப்பால இடி"ன்னா. ஆபீசருக்கே சிரிப்பு வந்துடுச்சு. வண்டி திரும்பிப் போச்சு. மறுநாள் தெருக்கடைக்காரங்க சங்கத்துல நாங்க நோட்டீஸ் அடிச்சோம், ஊர்வலம் போனோம், அதெல்லாம் வேற. அன்னைக்கு அந்த எடத்தைக் காப்பாத்தினது நோட்டீஸ் இல்ல. அவ தான்.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, அவ பயந்தவ இல்ல. அப்பேர்ப்பட்டவ நடுங்கினதைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

ஷர்மிளா பொறந்தது கோவளம் பக்கத்துல ஒரு குப்பம். எட்டாவதோட படிப்பு முடிஞ்சுது. இருபது வயசுல, மகாபலிபுரத்துக்கு அந்தாண்ட இருக்கற குப்பத்துலேர்ந்து தனசேகரைப் பாத்துக் கட்டி வச்சாங்க. அவன் கடலுக்குப் போறதை விட்டுட்டு லோடு ஆட்டோ ஓட்டறான். விடியறதுக்கு முன்னாடி கரையில ஏலம் எடுத்த மீனை ஏத்திக்கினு வந்து தாம்பரம் சுத்துப்பட்டுல கடை கடையா எறக்குவான். பீர்க்கன்கரணை ஏரிக்கிட்ட ஒரே ரூம்பு வாடகை வீடு. நல்லவன். குடிக்கறதில்ல, அடிக்கறதில்ல. ரெண்டு விஷயம் மட்டும் வித்தியாசம். ஒண்ணு, போட்டோவுக்கு நிக்க மாட்டான். கல்யாண ஆல்பத்தைத் தவிர அவன் மூஞ்சி எங்கயும் கெடையாது. ரெண்டு, கீழ்க் கடவாயில ரெண்டு பக்கமும் பல்லு கெடையாது. சோத்தைக் கொழம்பு ஊத்திப் பெசைஞ்சுதான் முழுங்குவான். மீன் தலையைக் கடிக்கத் தெரியாத மீனவன் அவன் ஒருத்தன் தான்.

கட்டிக்கின புதுசுல ஷர்மிளா கேட்டா. "போட் இஞ்சின் ஸ்டார்ட் பண்ணும்போது ஹேண்டில் எகிறி தாடையில அடிச்சுச்சு"ன்னான். அவ அதோட விட்டுட்டா. கடலுக்குப் போறவங்க குடும்பத்துல வெரல் போனவன் இருக்கான், கண்ணு போனவன் இருக்கான். பல்லு போனதை யாரு தோண்டுவா?

பொண்ணு தர்ஷிகாவுக்கு ரெண்டரை வயசு ஆனப்ப கன்னம் உப்ப ஆரம்பிச்சுது. ரெண்டு பக்கமும். அதைப் பாத்து அழுதவங்க யாருமில்ல. மீன் வாங்க வர்றவங்க எல்லாம் கிள்ளிட்டுப் போனாங்க. "இன்னாடி, டெய்லி வஞ்சிரமா போடற பொண்ணுக்கு?" "விளம்பரத்துல வர்ற பாப்பா மாரி கீது." ஷர்மிளாவுக்குப் பெருமை. திருஷ்டிப் பொட்டை மட்டும் பெருசாக்கினா.

மூணரை வயசுல, போன ஆடி மாசம், கன்னம் காதுக்குக் கீழ வரைக்கும் எறங்கிடுச்சு. கழுத்துல நெறி கட்டுச்சு. தெருவே ஒரே குரல்ல சொல்லுச்சு: பொன்னுக்கு வீங்கி. வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன், கன்னம் வீங்கற அந்த வியாதிக்கு எங்க பக்கம் வைத்தியம் என்னன்னா, கழுத்துல தங்கச் சங்கிலி போடறது. அதுவும் ஆடி மாசம். அம்மன் வந்திருக்கான்னு ஆயிடுச்சு. அம்மன் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது, ஊசி போடக் கூடாது, வீட்டுல மீன் வறுக்கக் கூடாது.

ஷர்மிளா கழுத்துல இருந்தது மஞ்சக் கயிறு. தங்கச் சங்கிலி குடுத்தது அக்தர் பேகம். அதே தெருவுல தையக் கடை வச்சிருக்கற பக்கீர் முகமது பாயோட சம்சாரம். ஷர்மிளா கடையில வாரத்துல நாலு நாள் மீன் வாங்கற வாடிக்கை. தன் கழுத்துச் சங்கிலியைக் கழட்டி, "புடி"ன்னு கையில வச்சுது.

"அக்கா, உங்களுக்கு இதுல நம்பிக்கை கீதா?"

"நம்பிக்கை அல்லா மேல. சங்கிலி கொழந்த மேல. போடும்மா, பேசாம."

மூணு வாரம் சங்கிலி கெடந்துச்சு. வேப்பலை கெடந்துச்சு. தலைக்குத் தண்ணி ஊத்தினாங்க, கூழ் ஊத்தினாங்க. வீக்கம் ஒரு நூல் கொறையலை. அக்தர் பேகம் தான் கடைசியில கோவத்துல சங்கிலியைத் திரும்ப வாங்கிக்கினு சொல்லுச்சு: "இது அம்மாவும் இல்ல, ஆத்தாவும் இல்ல. டாக்டரைப் பாருடி."

இந்த மூணு வாரமும் தனசேகர் ஒரு வார்த்தை பேசலை. பொண்ணு கன்னத்தைப் பாக்கவே இல்ல. இதை நெனப்புல வச்சுக்குங்க.

அடுத்தது அலைச்சல். கொழந்த டாக்டர் ஒருத்தர் பத்து நாளைக்கு மாத்திரை குடுத்தார். பல் கிளினிக்ல சீழ்னு சொல்லி ரெண்டு பால் பல்லைப் புடுங்கினாங்க. சீழ் வரலை, ரத்தம் தான் வந்துச்சு. புரட்டாசி மாசம் யாரும் மீன் வாங்க மாட்டாங்க, அதனால கடையை மூடி வச்சுட்டு ஷர்மிளா ஒவ்வொரு படியா ஏறினா. வயித்துல அப்ப ரெண்டாவது புள்ள. வாந்தி எடுத்துக்கினே பஸ் ஏறுவா.

கடைசியா ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேரு வேணாம். ஸ்கேன் எடுத்தாங்க. கொழந்தையை மயக்கத்துல போட்டு, தாடை எலும்புலேர்ந்து ஒரு துண்டை வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. ரிப்போர்ட்ல பெரிய பெரிய செல்லு இருக்குன்னு வந்துச்சு. ஆபரேஷன் பண்ற டாக்டர் நாக்காலியில சாஞ்சுக்கினு சொன்னாராம்:

"இது வளர்ற கட்டி. வேகமா வளருது. கேன்சர் மாதிரிதான் நடத்தணும். கீழ்த்தாடையில ரெண்டு பக்கமும் எடுத்துடணும். காப்பீட்டு அட்டையில பண்ணிடலாம், கவலைப்படாதீங்க."

"தாடையை எடுத்துட்டா எப்டி சார் சாப்புடும்?"

"டியூப் போடுவோம். வளர்ந்தப்பறம் கால் எலும்பை எடுத்து வச்சு சரி பண்ணலாம்."

"தள்ளிப் போட்டா?"

"பரவும். அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது."

ஐப்பசியில ஒரு செவ்வாய்க்கிழமை தேதி குடுத்தாங்க. திங்கக்கிழமை சாயந்தரம் அட்மிஷன். ஷர்மிளா வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டா. எத்தனையோ ஆயிரம் மீன் தலையைப் பொளந்தவ. தாடையை எடுத்தா மீதி என்ன இருக்கும்னு அவளுக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்ல.

அக்தர் பேகம் தான் அடம் புடிச்சு, அதுக்கு முந்தின சனிக்கிழமை டவுன்ல இருக்கற கவர்மெண்ட் பல் ஆஸ்பத்திரிக்குத் தொரத்தி விட்டுது. "வெட்டறதுக்கு முன்னாடி இன்னொருத்தன் கண்ணு பாக்கட்டும். துணியை வெட்டறதுக்கே எங்க வூட்டுக்காரரு ரெண்டு வாட்டி அளவெடுப்பாரு."

தாம்பரத்துல ரயிலேறி ஷர்மிளா, தனசேகர், தர்ஷிகா மூணு பேரும் போனாங்க. ஓ.பி.ல அவங்களைப் பாத்தது ஃபிரெடின்னு ஒரு சின்ன டாக்டர். மேல்படிப்பு படிக்கறவரு. தூக்கம் இல்லாத கண்ணு, சட்டைப் பையில ஒழுகின பேனா. அவரு முதல்ல ஸ்கேனைப் பாக்கலை. கொழந்தையைப் பாத்தாரு. கருமுழிக்கும் கீழ் எமைக்கும் நடுவுல வெள்ளை தெரியறதைப் பாத்தாரு. தர்ஷிகா எப்பவும் மேல பாக்கற மாதிரியே இருக்கும். கனவு காணுதுன்னு ஷர்மிளா நெனச்சுக்கினு இருந்தா.

அப்பறம் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல புடிச்சாரு.

"இங்க பாருங்கம்மா. எலும்புக்குள்ள சோப்பு நொரை மாதிரி இருக்கா? இந்தப் பக்கம் எப்படியோ அப்படியே அந்தப் பக்கமும். கண்ணாடியில பாத்த மாதிரி. கேன்சர் இவ்ளோ ஒழுங்கா ரெண்டு பக்கமும் வராது."

"அப்ப இது இன்னா சார்?"

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. செருபிசம்னு ஒரு வியாதி. ரொம்ப அபூர்வம். நானே புக்லதான் பாத்திருக்கேன். டெஸ்ட்ல அந்தப் பெரிய செல்லு இதுலயும் வரும், வேற கட்டியிலயும் வரும். அதை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. ரத்தத்துல கால்சியம் மாறினாலும் எலும்பு இப்படி ஆகும், அதைப் பாக்க இப்பவே ரத்தம் எடுத்துடறேன். செருபிசம்னா தாடையை எடுக்கவே வேணாம்மா. எடுக்கறதுதான் தப்பு."

ஃபிரெடி தனசேகர் பக்கம் திரும்பினாரு.

"இது குடும்பத்துல வர்றது சார். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயசுல கன்னம் இப்படி உப்பி இருந்துச்சா? கடவாய்ப் பல்லு மொளைக்காம போனவங்க யாராவது? ஒருத்தர் இருந்தாப் போதும், எங்க சீஃப் உடனே முடிவு சொல்லிடுவாரு. இல்லன்னா ஜீன் டெஸ்ட்டுக்கு வெளிய அனுப்பணும். வாரக்கணக்குல ஆகும்."

தனசேகர் யோசிக்கக்கூட இல்ல. "எங்க குடும்பத்துல அப்டி யாரும் கெடையாது சார்."

"நல்லா யோசிச்சு..."

"கெடையாது சார்."

ஃபிரெடி பேனாவை மூடினாரு. "திங்கக்கிழமை சீஃப் வருவாரு. கூட்டிக்கினு வாங்க. ஆனா செவ்வாய்க்கிழமை ஆபரேஷனை நிறுத்துன்னு நான் இப்ப எழுதித் தர முடியாது. நான் படிக்கற பையன்."

இப்ப ஷர்மிளா நெலைமையைப் பாருங்க. கேன்சராயிருந்து தள்ளிப் போட்டா புள்ள போயிடும். கேன்சர் இல்லாம வெட்டிட்டா தாடை போயிடும். ரெண்டுக்கும் நடுவுல மூணு நாள். நான் எத்தனையோ பேச்சுவார்த்தை மேஜையில உக்காந்திருக்கேன். இந்த மாதிரி ஒரு பேரம் எந்த மொதலாளியும் வச்சதில்ல.

ஞாயித்துக்கிழமை மழை. மழையா இருந்தாலும் ஞாயிறு மீன் வித்தே ஆகணும். தார்ப்பாய்க்கு அடியில கூட்டம். ஒரு அம்மா பெரிய சங்கரா மீனை எடுத்து, "தலையை ரெண்டாப் பொளந்து குடு, கொழம்புக்கு"ன்னுது. ஷர்மிளா தலையை நிறுத்தி நடுவுல கத்தியை எறக்கினா. ரெண்டு பாதியும் பலகையில விழுந்துச்சு. இந்தப் பக்கம் தாடை, அந்தப் பக்கம் தாடை.

கத்தி அப்படியே நின்னுடுச்சு.

ஹேண்டில் எகிறி அடிச்சா ஒரு பக்கம் தான அடிக்கும்? தனசேகருக்கு ரெண்டு பக்கமும் இல்ல. முன்பல்லு அத்தனையும் இருக்கு. ஒதட்டுல தழும்பு இல்ல, தாடையில தழும்பு இல்ல. முன்பல்லைத் தொடாம, தோலைக் கிழிக்காம, ரெண்டு பக்கமும் கடவாயை மட்டும் ஒழுங்கா எண்ணி எடுத்த ஹேண்டில் எந்தக் கடல்ல இருக்கு?

"இன்னாம்மா, தூங்கிட்டியா?"ன்னுது அந்த அம்மா.

ஷர்மிளா கையைக் கழுவினா. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு, பாதி மீனு ஐஸ்ல கெடக்க, கடையை மூடினா. தர்ஷிகாவை அக்தர் பேகம் வீட்டுல விட்டா. பஸ் மாறி பஸ் மாறி புருஷனோட குப்பத்துக்குப் போனா.

தனசேகரோட அக்கா பொன்னியம்மாள், மழைக்குக் கருவாட்டு மூட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கினு இருந்தா.

"இன்னா ஷர்மிளா, சொல்லாம கொள்ளாம? வயித்துப் புள்ளையோட மழையில..."

"அண்ணி, உங்க தம்பிக்குப் பல்லு எப்டி போச்சு?"

பொன்னியம்மாள் கயித்தை இறுக்கிக் கட்டினா. "அதான் ஹேண்டில் அடிச்சுச்சே."

"எந்தப் பக்கம் அடிச்சுது?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? வா, டீ குடி."

ஷர்மிளா போனை எடுத்து பொண்ணு படத்தைக் காட்டினா. ஆடிக்கப்பறம் பொன்னியம்மாள் கொழந்தையைப் பாக்கலை. தனசேகர் கூட்டிக்கினு வரவே இல்ல. படத்தைப் பாத்தவ நெத்தியில கையை வச்சுக்கினு அப்படியே மூட்டை மேல உக்காந்துட்டா.

"அய்யய்யோ. அப்டியே அவன்டி. அப்டியே அவனே தான்."

அப்பறம் எல்லாம் வந்துச்சு. நாலு வயசுலேர்ந்து தனசேகர் மூஞ்சி பானை மாதிரி உப்பிக்கினே போச்சாம். அவங்க அம்மா தாலிக் குண்டைக் கழட்டி அவன் கழுத்துல போட்டுதாம். கோயில் கோயிலா சுத்துச்சாம். ஸ்கூல்ல பசங்க மூஞ்சைக் குறி வச்சுக் கல்லடிப்பானுங்களாம். அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. வெளிச்சத்துல வெளிய வர மாட்டான், ராவுல கடலுக்குப் போவான். பதினஞ்சு, பதினாறு வயசுக்கு மேல தானா வத்திப் போச்சு. பல்லு மட்டும் மொளைக்கவே இல்ல. அவங்க அப்பனுக்கும் சின்னதுல அப்படித்தான் இருந்துச்சாம்.

"பொண்ணு பாக்க வந்தப்ப, யாரும் வாயைத் தெறக்கக் கூடாதுன்னு அம்மா சூடத்தை அணைச்சு சத்தியம் வாங்குச்சு. எவன் குடுப்பான் பொண்ணு, நீயே சொல்லு? அப்ப கெளப்பி விட்டதுதான் அந்த ஹேண்டிலு."

"நாளன்னைக்கு எம்புள்ளை தாடையை அறுக்கப் போறாங்க, அண்ணி."

பொன்னியம்மாளுக்கு அது தெரியாது. தம்பி சொல்லலை. அவ வாயில துணியை வச்சு அடைச்சுக்கினா.

திரும்பி வர்ற பஸ்ஸுல ஷர்மிளா ஒண்ணையே நெனச்சுக்கினு வந்தாளாம். அவனுக்குத் தெரியும். மொத நாள் கன்னம் உப்பினப்பவே தெரியும். சங்கிலி போட்டப்ப தெரியும். பல்லைப் புடுங்கினப்ப கொழந்தையோட கையைப் புடிச்சுக்கினு நின்னவன் அவன் தான். எலும்பை வெட்டி எடுக்க மயக்க ஊசி போட்டப்ப, கையெழுத்துப் போட்டவனும் அவன் தான்.

மத்தியானம் மூணு மணிக்கு வீட்டுல தனசேகர் சாப்பிட்டுக்கினு இருந்தான். பெசைஞ்ச சோறு. ஷர்மிளா எதிர்ல உக்காந்தா.

"உங்க அக்காவைப் பாத்துட்டு வரேன்."

அவன் கை தட்டுலயே நின்னுடுச்சு.

"ஏன்யா சொல்லலை?"

"தானா போயிடும்னு நெனச்சேன். எனக்குப் போச்சுல்ல."

"செவ்வாக்கெழமை அறுக்கறதுக்குத் தேதி குடுத்தானே, அப்ப?"

"அப்பால தான்டி பயமே வந்துச்சு." அவன் தட்டை நவுத்தி வச்சான். "கேன்சருன்னு எழுதிக் குடுத்துட்டான். எனக்கு வந்தது வேற, இது வேறயா இருந்தா? நான் பேசி, நீ நிறுத்தி, அப்பால புள்ள போயிட்டா? அந்தப் பாவம் யாரு மேல?"

"நேத்து அந்தச் சின்ன டாக்டரு கேட்டாரே. வாயைத் தெறன்னு கூட சொல்லலை. இருந்துச்சான்னு தான கேட்டாரு?"

அவன் ஷர்மிளா வயித்தைப் பாத்து சொன்னான்: "அதுவும் என்னுதுதான. ஊரே சொல்லும், இவன் வெதையே சொத்தைன்னு."

ஷர்மிளா கத்தலை. "நாளைக்குக் காலையில டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து வாயைத் தெறந்து காட்டு. வரலைன்னா, சாயந்தரம் நான் புள்ளையைத் தூக்கிக்கினு அட்மிஷன் போட வேண்டியதுதான். அறுத்த தாடையை வாங்கியாந்து உன் தட்டுல வெக்கறேன்."

தனசேகர் எழுந்து கை கழுவினான். வரேன்னும் சொல்லலை, வரலைன்னும் சொல்லலை.

திங்கக்கிழமை அவ முழிச்சப்ப அவன் இல்ல, வண்டியும் இல்ல. எப்பவும் போல ஏலத்துக்குப் போயிருக்கான். போன் அடிச்சா எடுக்கலை. ஷர்மிளா பொண்ணைத் தூக்கிக்கினு ரயிலேறினா. மழைக்கு ரயில் ஊர்ந்துச்சு. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் போனைப் பாத்துக்கினு போனா. ஓ.பி. சீட்டு வாங்கி, பெஞ்சுல உக்காந்து, பதினோரு மணி ஆச்சு. சீஃப் டாக்டர் வந்தாச்சு. ஃபிரெடி வந்து பக்கத்துல நின்னாரு.

"கால்சியம் சரியா இருக்கும்மா. அப்பா வரலையா?"

"தெரியல சார்."

அப்ப வரிசையில ஒரு சலசலப்பு. ஜனங்க மூக்கைப் பொத்திக்கினு ஒதுங்கறாங்க. "யாருய்யா அது, மார்க்கெட்டையே கட்டிக்கினு வர்ற?" மீன் தண்ணி சொட்டற கைலியோட தனசேகர். லோடை எறக்காம, ஐஸும் மீனுமா ஆட்டோவை அப்படியே டவுன் வரைக்கும் ஓட்டிக்கினு வந்து வாசல்ல நிறுத்தியிருக்கான். வாட்ச்மேன் பின்னாலயே திட்டிக்கினு வர்றான்.

அவன் ஷர்மிளாவைப் பாக்கலை. நேரா ஃபிரெடிகிட்ட போனான்.

"சார், எனக்கு இருந்துச்சு. எங்கப்பனுக்கும் இருந்துச்சு. அன்னைக்குப் பொய் சொன்னேன்."

உள்ள கூட்டிக்கினு போய் பல்லு பாக்கற நாக்காலியில சாய வச்சாங்க. சீஃப் டாக்டர் டார்ச் அடிச்சாரு. சுத்தி படிக்கற புள்ளைங்க பன்னெண்டு பேரு. ஒவ்வொருத்தரா குனிஞ்சு பாத்தாங்க. எக்ஸ்ரே எடுத்தாங்க. நேரா ஒரு போட்டோ, பக்கவாட்டுல ஒரு போட்டோ, ஒதட்டைக் கிளிப்பு போட்டு இழுத்து வச்சு ஒரு போட்டோ. இருபது வருஷமா ஒளிச்சு வச்ச மூஞ்சி. அவன் கண்ணுலேர்ந்து காது பக்கமா தண்ணி ஓடுச்சு, தொடைக்கக் கை எடுக்கலை.

சீஃப் ரெண்டு எக்ஸ்ரேயையும் பக்கத்துல பக்கத்துல மாட்டினாரு. அப்பனோடது பழசு, ஆறிப் போனது. பொண்ணோடது புதுசு, இப்ப எரியறது. வியாதி ஒண்ணுதான்.

"ஆபரேஷன் வேணாம்மா. இது செருபிசம். நான் எழுதித் தரேன்."

ஷர்மிளாவுக்கு மூச்சு வந்துச்சு. ஒரு நிமிஷம் தான் வந்துச்சு. அடுத்த கேள்வியை அவளே கேட்டா.

"மருந்து இன்னா சார்?"

"இதுக்குன்னு உறுதியான மருந்து இன்னும் இல்ல. காத்திருக்கணும். பத்துப் பன்னெண்டு வயசு வரைக்கும் வளரலாம். அதுக்கப்பறம் கொறையும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரணும், போட்டோ எடுத்து அளந்து பாப்போம். கண்ணை மேல தள்ளி பார்வை கெடற மாதிரி இருந்தா, மூச்சு விட, முழுங்க கஷ்டமானா, அப்ப எலும்பைச் சொரண்டி எடுப்போம். எடது கண்ணைத்தான் பாக்கணும், லேசா தள்ளியிருக்கு."

"பல்லு?"

"கொஞ்சம் மொளைக்காது."

"வயித்துல கீறதுக்கு?"

சீஃப் பேனாவை வச்சாரு. "பாதிக்குப் பாதி. ஸ்கேன்ல தெரியாது. பொறந்தப்பவும் தெரியாது. ரெண்டு, மூணு வயசுலதான் தெரிய ஆரம்பிக்கும்."

வெளிய வந்தப்பறம் ஷர்மிளா ஃபிரெடியைக் கேட்டாளாம், அந்தப் பேருக்கு இன்னா அர்த்தம்னு. பழைய சர்ச்சு படத்துல குண்டுக் கன்னத்தோட வானத்தைப் பாத்துக்கினு இருக்கற தேவதைக் கொழந்தைங்க மாதிரி மூஞ்சி ஆயிடறதால வச்ச பேருன்னு அவரு சொன்னாரு. "பேரு வச்சவன் புள்ளைக்கு வந்திருக்காது"ன்னா ஷர்மிளா.

தனியார் ஆஸ்பத்திரி மேல தப்பு இருக்கா? இருக்கு. அப்பன்காரனைப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேக்காம ஒரு கொழந்தையோட தாடைக்குத் தேதி குறிச்சாங்க. ஆனா கேட்டிருந்தாலும் அவன் பொய்தான் சொல்லியிருப்பான். கேட்ட டாக்டர்கிட்டயே சொன்னானே. அந்தப் பொய்யை அவன் தனியாவா கட்டினான்? கல்லடிச்ச பசங்க கட்டினாங்க, சத்தியம் வாங்கின ஆத்தா கட்டினா, எவன் பொண்ணு குடுப்பான்னு கேட்ட ஊரு கட்டுச்சு. இதுக்கு எதிரா என்ன நோட்டீஸ் அடிக்கறது? எனக்குத் தெரியல.

இப்ப மாசி. தர்ஷிகாவுக்கு நாலு வயசு முடிஞ்சுது. கன்னம் எறங்கலை, ஏறியிருக்கு. எடது கண்ணுல வெள்ளை முன்னைவிட அதிகமாத் தெரியுது. ரெண்டாவது போட்டோவுக்குப் போயிட்டு வந்தாச்சு. அளந்து பாத்துட்டு, "இன்னும் சொரண்ட வேணாம், அடுத்த மூணு மாசம் பாப்போம்"னாங்க. அங்கன்வாடியில ஒரு பையன் பட்டப்பேரு வச்சு கூப்புட ஆரம்பிச்சிருக்கான். புள்ள போக மாட்டேன்னு அழுவுது. ஷர்மிளாவுக்குச் சித்திரையில பிரசவம். தனசேகர்கிட்ட சோறு போடவா, தண்ணி வேணுமான்னு கேக்கறதோட சரி. மன்னிச்சியான்னு நான் ஒரு வாட்டி கேட்டேன். "மீனு வாங்க வந்தியாண்ணா, வேற எதுக்காவது வந்தியா?"ன்னா. நெத்திலி வாங்கிக்கினு வந்துட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை நான் அங்க நின்னுக்கினு இருந்தேன். தனசேகர் ஐஸ் எறக்கிக்கினு இருந்தான். தர்ஷிகா பெட்டிக்குப் பின்னாடி உக்காந்திருந்தா. புதுசா குடி வந்த ஒரு பொம்பளை, கையில காருச் சாவி, மொகத்துல சிரிப்பு. கொழந்தையைப் பாத்தவுடனே உருகிப் போச்சு.

"அய்யோ, என்னா கன்னம்டி தங்கம்!" கிள்ளி முத்தம் வச்சுக்கினு, ஷர்மிளா வயித்தைப் பாத்துது. "ரெண்டாவதா? இதே மாதிரி கொழுகொழுன்னு பொறக்கட்டும்மா. என் வாய் முகூர்த்தம் பலிக்கும்."

ஷர்மிளா கையில கத்தி. பலகையில பாதி அறுத்த மீன்.

தனசேகர் ஐஸ் கட்டியை அப்படியே தரையில வச்சான். "அப்டி சொல்லாதக்கா. அது வியாதி. எனக்கு இருந்துச்சு, என்கிட்டேர்ந்து வந்தது. கிள்ளாத."

அந்தப் பொம்பளைக்குக் கையை எங்க வைக்கறதுன்னு தெரியல. பக்கத்துல நின்னவங்க எல்லாம் அவன் மூஞ்சைப் பாத்தாங்க. அவன் பாக்க விட்டான்.

ஷர்மிளா தலை நிமிரலை. மீனை அறுத்து முடிச்சு, தண்ணி ஊத்திக் கழுவினா.

"பீஸு பெருசா போடவா, சின்னதா போடவாக்கா?"